நாற்பது சி0001

2 ஜூன் 2025, திங்கள்

பர்கூர் பக்கத்து ஊரில் நடந்த பாரதத் திருவிழா மே 25-ஆம் தேதி படுகளம் (துரியோதனன் வதம்), தீமிதியோடு முடிந்தது. பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, கடைசிப் பத்து இரவும் அதே கதையில் கூத்து. இரண்டு கேமரா, ஒலிக்குத் தனியாக ஒரு ரெக்கார்டர். விடிய விடிய எடுத்தோம். நடுவில் இரண்டு கல்யாண வீடியோ வேலை வந்துவிட்டதால் இன்றுதான் எல்லாவற்றையும் பிரித்து வைக்க உட்கார முடிந்தது.

50 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. இரவுக்கு எட்டு மணி நேரம், இரண்டு கேமரா என்றால் 360 ஜிபி. பத்து இரவுக்கு 3.6 டிபி. இது எனக்குப் புதிதில்லை, டிஸ்க் வாங்கி வைத்திருந்தேன். பெயரைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் கேமராவில் கார்டை ஃபார்மட் செய்து காலி செய்தால் வீடியோ ஃபைலின் எண் மறுபடியும் சி0001-லிருந்து ஆரம்பிக்கும். கேமராவுக்கு இரவுக்கு இரண்டு கார்டு. பத்து இரவில் நாற்பது கார்டு, நாற்பது சி0001.

தினமும் விடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் என் வீடியோ கடையில் வேலை செய்கிற தம்பி காப்பி செய்திருக்கிறான். ஃபோல்டர்களின் பெயர்: கூத்து, கூத்து புதுசு, கேமரா 2 நேத்து, நேத்து மீதி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். 'நேத்து' என்கிற பெயர் ஒரு நாளுக்கு மேல் தாங்காது.

இரவு

ஃபைல் தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். விண்டோஸில் காப்பி செய்தால் 'உருவான தேதி' காப்பி செய்த நாளாக மாறிவிடும், 'மாற்றிய தேதி' மட்டும் பழையபடியே இருக்கும். அதைப் பார்த்து அடுக்கினால் புது சிக்கல். கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து காலை ஆறுக்கு முடிகிறது. பன்னிரண்டு தாண்டியதும் முதல் கேமராவில் தேதி மாறிவிடுகிறது. ஒரே இரவில் ஆடிய துகில் (திரௌபதியின் துகிலுரிதல்) பாதி 17-ஆம் தேதியில், மீதி 18-ஆம் தேதியில் கிடக்கிறது. அதே 18-ஆம் தேதியில் அன்று ராத்திரி ஆரம்பித்த தபசும் (அர்ச்சுனன் தவம்) இருக்கிறது.

இரண்டாம் கேமராவில் மட்டும் ஒவ்வொரு இரவும் ஒரே தேதியில் ஒழுங்காக இருந்தது. ஏன் என்று அரை மணி நேரம் புரியவில்லை. அப்புறம் ரெக்கார்டரின் நேரத்தோடு ஒப்பிட்டால், அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இரவு பத்து, அதற்குக் காலை பத்து. விடியற்காலை ஆறு, அதற்கு மாலை ஆறு. நள்ளிரவே வராததால் கூத்து உடையவில்லை. தப்பான கடிகாரம்தான் சரியாகப் பிரித்து வைத்திருந்தது.

அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது: திரை கட்டிய மாலை எந்தத் தேதியோ, விடிகிற வரைக்கும் அதுதான் தேதி. கல்யாணத்துக்கும் இதே கதைதான். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். அங்கேயும் இனி இப்படித்தான்.

3 ஜூன், செவ்வாய்

நாற்பது கார்டையும் பிரித்தாகிவிட்டது. ஒரு ஃபோல்டர் இப்படி இருக்கிறது:

2025-05-17_இரவு03_துகில்

உள்ளே கேமரா-அ, கேமரா-ஆ, ஒலி. கேமராவுக்குள் கார்டு1, கார்டு2. கார்டில் இருந்த ஃபோல்டர் அமைப்பை அப்படியே வைத்துவிட்டேன். கிளிப்பின் பெயரை மாற்றவில்லை. சி0001-க்குத் துணையாக கேமரா எழுதி வைக்கிற சின்னக் குறிப்பு ஃபைல் ஒன்று பக்கத்திலேயே இருக்கும், வீடியோவின் பெயரை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் உறவு அறுந்துவிடும். கிளிப்புக்கு அதன் ஃபோல்டர்தான் முகவரி.

வருடம் முன்னால் வருவது தம்பிக்கு விநோதமாக இருந்தது. நாம் 17-05-2025 என்றுதானே எழுதுவோம் என்றான். அப்படி எழுதினால் கம்ப்யூட்டர் முதலில் நாளைப் பார்த்து அடுக்கும், ஜூன் 1 போய் மே 15-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். வருடம், மாதம், நாள் என்று வைத்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்று 1988-லேயே இதற்கு உலகத் தரம் வந்துவிட்டது. சாய்கோடு போட்டு 17/05 என்று எழுத விண்டோஸ் விடாது, கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் அப்படித்தான்.

அடுத்து ஆட்டத்தின் பெயர். இரவு எண் மட்டும் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் யாரும் வந்து "மூணாவது ராத்திரி கொடுங்க" என்று கேட்கப்போவதில்லை. துகில், தபசு, தூது, கர்ண மோட்சம் என்றுதான் கேட்பார்கள்.

5 ஜூன், வியாழன்

இன்று மாதப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போய் அங்கிருக்கிற கம்ப்யூட்டரில் வேலை செய்தேன். பழைய ஃபோல்டர்களை வைத்தே தொடங்கியிருந்த துகில் டைம்லைன், அதாவது எடிட் வரிசை, முக்கால்வாசி முடிந்திருந்தது. திறந்தால் எல்லாக் கிளிப்பும் சிவப்பு. மீடியா ஆஃப்லைன்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரீமியர் புரோவின் ப்ராஜெக்ட் ஃபைலில் வீடியோ கிடையாது, எந்தக் கிளிப் எந்த இடத்தில் இருக்கிறது, எங்கே வெட்டு என்கிற விவரம்தான் இருக்கும். அதனால்தான் 360 ஜிபி ஃபுட்டேஜுக்கு ப்ராஜெக்ட் சில எம்பியில் முடிகிறது. டிஸ்க்குக்குக் கம்ப்யூட்டர் வைக்கிற எழுத்து (D, E மாதிரி) மாறிவிட்டது, போதாததற்கு திங்கட்கிழமை பழைய ஃபோல்டர்களுக்கு நானே புதுப் பெயர் வைத்திருந்தேன். இருக்கிற இடத்தைத் திரும்பக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவசரத்தில் தவறான ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். இரவு03-க்குப் பதில் இரவு06. துகிலுக்குப் பதில் தூது. இரண்டும் 'து'வில் ஆரம்பிக்கிறது, கண் ஏமாந்துவிட்டது. அங்கேயும் சி0012 இருந்தது, மென்பொருள் பெயரைப் பார்த்து எடுத்துக்கொண்டது. சிவப்பு போய்விட்டது. ஒலி தனி ரெக்கார்டரில் இருந்து வருவதால் பாட்டும் வசனமும் துகிலுடையதுதான். படத்திலும் துரியோதனன்தான், அதே ஆள், அதே கிரீடம், அதே புஜக்கட்டை. பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். வாயசைவு ஏதோ தள்ளிப்போகிற மாதிரி தெரிந்தது, ஒலியை நகர்த்திச் சரிசெய்யக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

காட்டிக்கொடுத்தது ஒரு துண்டு. பின்பாட்டுக்காரர் தோளில் பச்சைத் துண்டு. துகில் அன்று அவர் வெள்ளைத் துண்டு போட்டிருந்தார், முகவீணைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் அன்றும் வெள்ளைத் துண்டே போட்டிருந்தால் ஆறாம் இரவின் படத்தோடு மூன்றாம் இரவின் பாட்டு ஊருக்குப் போயிருக்கும். கூத்து தெரிந்தவர்கள் உள்ள ஊர். ராத்திரி வரைக்கும் அந்த நினைப்பு போகவில்லை.

முடிவு: ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது எடிட்டைத் தொடங்குவதற்கு முன்னால். ஒரு கிளிப் டைம்லைனில் ஏறிவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பெயரிலும் கை வைக்கக்கூடாது.

6 ஜூன், வெள்ளி

வேலை இல்லை. பேட்டைப் பக்கம் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டாவது டிஸ்க்கில் முழு நகல் ஏறி முடிந்தது, அது இனி வீட்டு பீரோவில் இருக்கும்.

8 ஜூன், ஞாயிறு

எழுதவே கஷ்டமாக இருக்கிறது. படுகளம் வீடியோவின் முடிவில் உபயதாரர் பட்டியல் போட்டிருந்தோம். ஒரு இரவுக் கூத்தின் செலவை ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் பெயர் முதல் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. தர்மகர்த்தா ஐயா சொல்லி, சேர்த்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். பழையதும் 'படுகளம் ஃபைனல்', புதியதும் 'படுகளம் ஃபைனல்', வெவ்வேறு இடத்தில். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது பழையது.

சரிபார்க்கப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நாம் வைத்த பெயர் போய்விடுகிறது. வாங்கியவர் போனில் தேதியும் ஒரு எண்ணும்தான் இருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

நேரில் போய் அந்த வீட்டுப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி, அடுத்த வருஷம் மொதல்ல போட்டுரு" என்றார். மோர் கொடுத்தார்கள். வீட்டிலிருந்த அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று அந்த மௌனத்தில் தெரிந்தது.

இன்று முதல் 'ஃபைனல்' என்ற சொல் என் கடையில் கிடையாது. வடிவத்துக்கு 'வ' வைத்து வ01, வ02, வ03. கடையை விட்டு வெளியே போன எண் எதுவாக இருந்தாலும் அது முடிந்துபோன எண், ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அடுத்த எண். வெளியே போனவை எல்லாம் 'போனது' என்ற ஃபோல்டரில், யாருக்கு, எந்தத் தேதியில் என்ற விவரத்தோடு. சரிபார்க்க அனுப்புகிற பிரதியின் கடைசிக் காட்சியில் மூலையில் சின்னதாக வ03 என்று எழுத்தே போட்டுவிடுகிறேன். ஃபைலின் பெயர் வழியில் தொலைந்தாலும் படத்துக்குள் இருக்கிற எண் தொலையாது. அனுப்புவதும் டாக்குமென்ட்டாக, 2 ஜிபி வரை போகிறது, பெயரும் தரமும் கெடுவதில்லை.

11 ஜூன், புதன்

ஊருக்குப் பென்டிரைவ் கொடுத்தாகிவிட்டது. இரவுக்கு முக்கால் மணி நேரத் தொகுப்பு, 6 மெகாபிட், ஒவ்வொன்றும் 2 ஜிபி சொச்சம். படுகளம் மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம், 4.7 ஜிபி. அது பென்டிரைவில் ஏற மறுத்தது. பழைய டிவிக்கும் ஒத்துவரட்டும் என்று ஃபேட்32-வில் ஃபார்மட் செய்திருந்தேன், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. இரண்டாக வெட்டினேன்.

மத்தியானம் தர்மகர்த்தா ஐயா போன் செய்தார்.

"தம்பி, மொத நாள் முடிஞ்ச ஒடனே பத்தாம் நாள் வருது. நடுவுல எல்லாம் எங்க?"

"இருக்குதுங்க ஐயா, வரிசைதான் மாறியிருக்கும். நான் வந்து பார்க்கிறேன்."

இரவு1, இரவு2 என்று பெயர் வைத்திருந்தேன். விண்டோஸ் எண்ணைப் புரிந்துகொண்டு 1, 2, 3 என்று அடுக்கிக் காட்டும், அதனால் என் கண்ணில் படவில்லை. அந்த டிவி எழுத்து எழுத்தாகப் பார்க்கிறது: 1, 10, அப்புறம்தான் 2. ஃபுட்டேஜ் ஃபோல்டருக்கு 03 என்று சுழியம் போட்டவன், ஊருக்குக் கொடுக்கிற ஃபைலுக்குப் போடாமல் விட்டிருக்கிறேன். தமிழ் எழுத்துகள் அந்த டிவியில் வெறும் கட்டமாகவும் வந்தன. அங்கேயே லேப்டாப்பில் போட்டு 01 முதல் 10 வரை வெறும் எண்ணாக மாற்றினேன், படுகளம் 11, 12. எந்த எண் எந்த ஆட்டம் என்று ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். கிளம்பும்போது வில் வளைப்பு ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

14 ஜூன், சனி

கூத்து வாத்தியார் கடைக்கு வந்தார், பையில் நாலு செந்தூரா மாம்பழம்.

"தபசு அன்னிக்கு மரம் ஏறும்போது நான் பாடுன விருத்தம் ஒண்ணு வேணும் தம்பி. பசங்களுக்குச் சொல்லித்தரணும். போன்ல கேக்குற மாதிரி கொடு."

"உட்காருங்க வாத்தியாரே."

2025-05-18_இரவு04_தபசு. உள்ளே ஒலி. பார்க்கும்போதெல்லாம் நான் எழுதி வைத்த குறிப்பு ஃபைலில் 'மரம் ஏறுதல்' என்று நேரத்தோடு இருந்தது. அவர் டீயைப் பாதி குடிப்பதற்குள் குரல் வந்துவிட்டது. அந்தப் பாட்டு 19-ஆம் தேதி விடியற்காலையில் பாடியது, பழைய வழக்கப்படி அடுக்கியிருந்தால் ஐந்தாம் இரவின் ஃபைல்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இங்க மூச்சு வாங்கிட்டேன்" என்றார். இரண்டு முறை கேட்டார்.

பெயர்களைத் திரையில் படித்துக்கொண்டே வந்தவர் மூன்றாம் இரவில் நின்றார். கூத்துக் குழுவை அவர்கள் ஜமா என்பார்கள். "எங்க ஜமாவுல இத சூது துகில்னுதான் சொல்லுவோம். சூது இல்லாம துகில் ஏது?"

உடனே மாற்றத்தான் கை போனது. ஆனால் அந்த ஃபோல்டரை நம்பி ஒரு டைம்லைன் முழுக்க இருக்கிறது. ஃபோல்டரை விட்டுவிட்டு, குறிப்பு ஃபைலின் முதல் வரியில் 'சூது துகில்: ஜமா வழக்கு' என்று சேர்த்தேன். மற்ற ஒன்பது இரவுக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அடுத்த வருஷம் கூத்து தொடங்குவதற்கு முன்னாலேயே அவரிடம் கேட்டுப் பெயர் வைக்க வேண்டும்.

நாளை சாயங்காலம் பாலக்கோட்டில் வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம். 2025-06-15_பாலக்கோடு_கல்யாணம் என்று ஃபோல்டர் போட்டாயிற்று. இரண்டாம் கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டேன். கார்டுகளை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் போன வாரத்து வேலை இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.