ஆம்னி தலையில் எவ்வளவு ஏற்றலாம்?

மாருதி ஆம்னியைப் படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றியவர்களுக்குத் தெரியும், பலகையைப் போட்டு மெத்தையை விரித்ததும் உள்ளே இடம் தீர்ந்துவிடும். வண்டியின் மொத்த நீளமே 3.37 மீட்டர். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் போய்விட்டதால் பின்பக்கம் தட்டையாகக் கிடைக்கிறது, அது ஒரு புண்ணியம். ஆனால் நானும் வீட்டுக்காரரும் படுத்து, மகள் காலடியில் குறுக்கே சுருண்டுகொண்டால், மிச்சம் இருப்பது அடுப்புப் பெட்டிக்கும் துணிப் பைக்குமான இடம்தான். பாய், தார்ப்பாய், மடக்கு நாற்காலி, குளிக்கத் தண்ணீர் எல்லாம் மேலே போயாக வேண்டும். அதற்காகத்தான் கேரியர்.

ஆம்னிக்கென்றே ரெடிமேட் கேரியர் கடைகளில் கிடைக்கும். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி, அடியில் நெருக்கமாகப் பட்டை. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூட்டை சிமெண்டில் பாதி எடை சும்மாவே இருக்கும்போலத் தெரிந்தது. எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம், கூடை மாதிரி சுவர் இருந்தால் அதை நிரப்பாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் கை நிற்காது. ஊருக்குக் கிளம்பும் காலையில் "இதையும் மேல போட்டுக்கலாம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், எவர்சில்வர் குடம்வரை ஏறிவிடும்.

சரி, செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தேன். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர். பஸ் பாடி கட்டும் ஊரில் குடியிருந்துகொண்டு கேரியருக்கு வெளியே போவானேன்? பாடி கட்டும் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டு வாசலிலேயே பட்டறை போட்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். நான் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள், அதனால் கையில் ஒரு தாளில் படம், பைப் நீளம், எடை எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. நேரே வண்டியிடம் போய், கூரையை விரல் முட்டியால் முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் தட்டும்போது தகர டப்பா மாதிரி சத்தம். ஓரத்துக்கு வரவர சத்தம் அமுங்கியது. கதவுக்குப் பின்னால், கூரையைத் தாங்கி நிற்கும் பில்லருக்கு மேலே தட்டியபோது சுத்தமாகச் சத்தமே இல்லை.

"அம்மிணி, கேரியர் கட்டறது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. காலு எங்க நிக்குதுங்கறதுதான் வேலை" என்றார்.

ஆம்னியின் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில், மழைத் தண்ணீர் வடிவதற்காக ஒரு மடிப்பு நீளமாக ஓடும். அவர் அதைக் காவாய் என்கிறார், நானும் அப்படியே சொல்கிறேன். 1984-ல் மாருதி வேன் என்று வந்த நாளிலிருந்து 2019-ல் நிறுத்தும்வரை இந்த வண்டியில் அந்தக் காவாய் இருந்தது. இப்போது வரும் பல கார்களில் அதை மூடி வழவழப்பாக்கிவிட்டார்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து ஸ்பாட் வெல்டு ஆகும் இடம் என்பதால், மேலே பாரம் வைக்க அதைவிட உறுதியான இடம் வண்டியில் வேறில்லை. பஸ்ஸில் பில்லர்களின் தலையை இணைத்து நீளவாக்கில் ஓடும் சட்டத்தை கேன்ட் ரெயில் என்பார்களாம். மேலே மூட்டை ஏற்றிய காலத்து பஸ்களில் கேரியரின் பாரம் கூரைத் தகட்டுக்குப் போகாது, அந்தச் சட்டம் வழியாகப் பில்லருக்குப் போகும். "உங்க வண்டிக்கு இந்தக் காவாய்தான் கேன்ட் ரெயிலு" என்றார். கூரையில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது என்ற என் நிபந்தனைக்கும் அது பொருந்தியது.

ஆகவே பக்கத்துக்கு மூன்று கால், மொத்தம் ஆறு. முன்கதவுக்குப் பின்னால் உள்ள பில்லர், ஸ்லைடிங் கதவுக்குப் பின்னால் உள்ள பில்லர், கடைசி மூலை என்று ஒவ்வொன்றும் ஒரு பில்லர் தலைக்கு நேரே. நீளம் ஏழு அடி, அகலம் நாலு அடி என்பது அப்படித்தான் வந்தது. அளவை வண்டி சொல்லிற்று.

கால் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். காலின் அடியில் ஒரு பட்டை. அது காவாயின் தரையில் உட்காரும். பாரம் முழுக்க அதன் வழியாகத்தான் இறங்குகிறது. வெளிப்பக்கம் எல் வடிவில் ஒரு கொக்கி, காவாயின் உதட்டுக்குக் கீழே கைகொடுத்துப் பிடிக்கும். இரண்டையும் 8 எம்.எம். போல்ட் ஒன்று இழுத்துக் கட்டும். கொக்கியின் வேலை பாரம் தாங்குவது இல்லை, காற்று கேரியரைத் தூக்கும்போது விடாமல் பிடிப்பது மட்டும். பட்டை தரையில் உட்காராமல் உதட்டின்மேல் ஏறி நின்றால், இரண்டு மேடு பள்ளத்திலேயே உதடு மடங்கிவிடும். தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தோம். டியூப் துண்டைக் காவாய் அகலத்துக்கு அடைத்து வைக்காமல் ஒரு பக்கம் இடைவெளி விடச் சொன்னார். இல்லையென்றால் ஒவ்வொரு காலும் ஒரு குட்டி அணை. தண்ணீர் தேங்கி, மண் சேர்ந்து, துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கொக்கி எவ்வளவு வெளியே நீட்டலாம் என்பதைக் கதவுதான் தீர்மானித்தது. ஸ்லைடிங் கதவு முதலில் வெளியே வந்து, பிறகு பின்னால் ஓடும். நடுக்காலின் கொக்கி அதன் தலையில் இடிக்கக் கூடாது. பின்கதவு மேலே தூக்குகிற கதவு, அது முழுக்க ஏறும்போது கடைசிக் குறுக்குக் கம்பியைத் தொடக் கூடாது. வெல்டிங் முழுசாக அடிக்கும் முன், அங்கங்கே புள்ளி வைத்து டேக் அடித்த நிலையிலேயே தூக்கி வைத்து, எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தோம்.

பைப் கணக்கு என் இலாகா. ஒரு இஞ்ச் சதுர எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், தகட்டின் கனம் 16 கேஜ் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. அதைவிட மெல்லிய 18 கேஜ் என்றால் 0.9 கிலோ. குறுக்குக் கம்பி வளையும் பாரத்தைத் தாங்குவதால் அது நாலும் 16 கேஜ். பக்கச் சட்டத்துக்கும் காலுக்கும் 18 போதும். இருபது அடி லெங்த் இரண்டே வாங்கினேன், துண்டுபோக மீந்தது கொஞ்சம்தான். கிளாம்ப், போல்ட் எல்லாம் சேர்த்து கேரியர் 12 கிலோ சொச்சம். மெல்லிய பைப்பில் வெல்டிங் ராடு கொஞ்சம் நின்றாலும் பொத்துக்கொள்ளும். அவர் ஒரு மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி என்று சூடு ஆறவிட்டு ஆறவிட்டு அடித்தார். அதனால் சட்டம் முறுக்கவும் இல்லை. பைப் முனைகளைத் தகடு வைத்து மூடி, அடிப்பக்கம் மட்டும் ஒரு சின்ன ஓட்டை விட்டோம், உள்ளே வேர்க்கிற தண்ணீர் வடிய. ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே கறுப்பு எனாமல் இரண்டு கோட்.

ஏன் அலுமினியம் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு: அலுமினியத்தில் எடை ஏறக்குறைய பாதியாகும், உண்மை. ஆனால் கரூரில் எந்த முக்கில் வண்டி நின்றாலும் இரும்பை ஒட்ட ஆள் உண்டு. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வெல்டு விட்டுப்போனால் அலுமினியத்துக்கு நான் யாரைத் தேடுவேன்?

மேலே ஏறியிருப்பவை இவைதான். 100 வாட் சோலார் பேனல் ஒன்று, கண்ணாடியும் பிரேமும் சேர்ந்து எட்டு கிலோ. அதைக் கூரையோடு ஒட்ட வைக்காமல் இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறேன். பேனல் சூடானால் கரண்ட் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போகும். மே மாத வெயிலில் பேனல் 65 டிகிரி போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. அடியில் காற்று ஓடினால் அதில் கொஞ்சம் மிச்சம். வயரைப் பின்கதவின் ரப்பர் பீடிங் வழியாக உள்ளே விட்டேன். நுழைவதற்கு முன் வயர் ஒரு தொங்கல் விட்டுக் கீழிறங்கி மறுபடி ஏற வேண்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

அப்புறம், குளிக்கிற தண்ணீர். நாலு இஞ்ச் பிவிசி பைப் ஐந்து அடி, இரண்டு பக்கமும் மூடி, பின்முனையில் ஒரு டேப், மேலே ஊற்றுவதற்கு ஒரு வாய். கறுப்பு பெயிண்ட். சுமார் 12 லிட்டர் பிடிக்கும். பகலெல்லாம் வெயிலில் ஓடினால் சாயங்காலம் இதமான சுடுதண்ணீர். பின்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும்படி முன்கிளாம்புக்கு அடியில் வாஷர் அடுக்கினேன். திறக்கும்போது மேல்மூடியைத் தளர்த்தினால்தான் தண்ணீர் வரும், காற்று உள்ளே போக வேண்டும் அல்லவா. விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடக் கூடாது. தண்ணீர் சூட்டில் விரியும்.

இவை இரண்டும் போக பாய், தார்ப்பாய், நாற்காலி. கேரியர் 12, பேனல் 8, தண்ணீர்ப் பைப் 15, மற்றவை 8. ஆக 43 கிலோ. கேரியரோடு சேர்த்து 50 என்பது நான் போட்ட கோடு. சின்ன கார்களுக்குக் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது 50 முதல் 75 கிலோ. ஆம்னி மெலிந்து உயர்ந்த வண்டி என்பதால் கீழ்க்கோட்டையே எடுத்துக்கொண்டேன். கேஸ் சிலிண்டர், ஸ்டெப்னி, இருபது லிட்டர் கேன் எதற்கும் மேலே அனுமதி இல்லை. வீட்டுக்காரர் ஸ்டெப்னிக்காகக் கொஞ்சம் வாதாடினார். உத்தேசமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி ஒரு டன்னுக்குள்தான். 43 கிலோவைத் தலையில் வைத்தாலே மொத்த எடையின் மையம் நாலைந்து சென்டிமீட்டர் மேலே ஏறிவிடுகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அந்த நாலைந்து சென்டிமீட்டரை இடுப்பு உணரும். அத்தோடு பேச்சு முடிந்தது.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். காங்கேயம், பல்லடம் பக்கம் ஆனி ஆடியில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைக்காரர்கள் சும்மாவா அங்கே போய் நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 800 கிலோ ஆம்னி எம்மாத்திரம். அந்த மாதங்களில் நாற்காலியையும் தார்ப்பாயையும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, 60-ஐத் தாண்டாமல் போவேன். காற்றின் தள்ளு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவது. 60-லிருந்து 80-க்குப் போனால் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல்.

எதிர்க்காற்றில் வேறொரு தொல்லை, சத்தம். 55-ஐத் தொட்டதும் முன் கம்பி ஊம்ம் என்று முனக ஆரம்பிக்கும். கம்பியின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல் கிளம்பி, ஒரே தாளத்தில் கம்பியை உலுக்குவதால் வருவது அது. மருந்து மலிவு: முன் கம்பியில் நைலான் கயிறைத் திருகாணி மரை மாதிரி இடைவெளி விட்டுச் சுற்றிக் கட்டினேன். சுழல்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாது, முனகல் நின்றது. உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் ஒரு பட்டை சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதற்காகத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-வின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ. போல்ட்டில் நிற்கும் கேரியரும் இதில் சேருமா என்று ரோட்டில் நின்று வாதாட எனக்கு விருப்பமில்லை. கூரையில் ஓட்டையோ வெல்டோ இல்லை. 13 ஸ்பேனர் ஒன்று இருந்தால் இரண்டு பேர் கால் மணி நேரத்தில் இறக்கிவிடலாம். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது இறக்கி வைத்துவிட்டுத்தான் போவேன். நெடுநாள் வண்டி சும்மா நிற்கும் மாதங்களிலும் இறக்கிவிடுகிறேன், காவாயைக் கழுவ அதுதான் சந்தர்ப்பம்.

மாட்டிய பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டரில் டியூப் ரப்பர் அமுங்கும், போல்ட் தளரும். வண்டியை ஓரம் கட்டி ஆறையும் மறுபடி இறுக்க வேண்டும். அதன் பிறகு நட்டிலிருந்து கிளாம்புக்குச் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு கால் சுற்று நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும், டீ குடிக்க நிறுத்தும்போது வண்டியை ஒரு சுற்று வந்தாலே போதும். கறுப்பு எனாமல் மேல் வெள்ளையோ வெளிர் ரோஸோதான் எடுக்கும், மெரூன் வேண்டாம்.