மலையில் வீல் பேரிங்கைக் கெடுப்பது தண்ணீர்தான்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி வழியில் 36. அத்தனையிலும் பைக்கில் பிரேக் பிடித்து இறங்கும்போது பிரேக் டிரம்மும், அதை ஒட்டி சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பும் கை வைக்க முடியாதபடி சூடாகும். அதே சூட்டோடு சாலையில் ஓடும் மழைநீரில் சக்கரம் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும். உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கும் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை நேராக ஆக்சில் மேல் பிடிப்பதும் இதே கேட்டைச் செய்யும்.

ஆகவே பேரிங்கை எப்போது பார்ப்பது என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது, மழைக் கணக்குதான் உதவும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் செப்டம்பர் கடைசியில் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பலம், அங்கே ஜனவரி.

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். முன் சக்கரம் ஃபோர்க்கோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடினால் அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். பின்னால், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மே ஆடினால் அதன் புஷ். இதைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல பேரிங்கை மாற்றிவிடுகிறவர்கள் நிறைய.

சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள் ரேஸை (உள் வளையத்தை) விரலால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றினால் போதும், பேரிங்கை ஹப்பிலிருந்து எடுக்க வேண்டாம். டஸ்ட் சீலை நெம்பி எடுத்து, பேரிங்கின் ரப்பர் மூடியை உள் ரேஸ் பக்கமாக மெல்லிய ஊசியால் வளையாமல் தூக்குங்கள். தகர மூடியாக இருந்தால் தொடாதீர்கள். அதை எடுத்தால் பழையபடி உட்காராது.

கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் காபி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆனால் காப்பாற்றலாம். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் துரு. கறுப்பில் மினுமினுப்பு தெரிந்தால் இரும்பே தேய்கிறது. பின்னிரண்டுக்கும் கிரீஸ் வைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஹப்பில் இருக்கும் பேரிங்கை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள். அது இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயின் குழிக்குள் தேங்கி, புதுக் கிரீஸையும் கரைத்துவிடும். பழையதைத் துணியாலும் பல்குத்தும் குச்சியாலும் முழுக்க வழித்தெடுங்கள். வேறு வகைக் கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடக்கூடும். தண்ணீர் தாங்கும் லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸ், கெட்டி அளவில் 2ஆம் நம்பர் (NLGI 2), இந்தக் குளிருக்கும் சரி.  பேரிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். திணித்து நிரப்பினால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகி, மூடியைத் தாண்டி பிரேக் ஷூவில் வழியும். இறக்கத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

மாற்றுவதானால், தட்டிக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். உள் ரேஸில் விழும் அடி பால்ஸ் வழியாகப் போய் ரேஸில் குழி போட்டிருக்கும். புதியதை ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள், அலாய் ஹப்பில் கொதிநீர் ஊற்றுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது போதும். ஈரத்தைத் துடைத்து, வெளி ரேஸ் அளவு சாக்கெட்டை வைத்து அடியுங்கள். முதல் பக்கம் அடிவரை உட்கார வேண்டும். அடுத்து ஸ்பேசர். பிறகு மறுபக்கப் பேரிங், அதன் உள் ரேஸ் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும். ஸ்பேசரை மறந்தால் ஆக்சில் நட்டை முறுக்கும்போதே இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெரிபடும். செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக ஒரு பேரிங் இருக்கும் வண்டிகளில் அதையும் பார்த்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

நட்டை வண்டிப் புத்தகத்தில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்கி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சோதனை ஓட்டம் ஏற்றத்தில் இருக்கட்டும். இறக்கத்தில் போனால் ஹப்பில் தெரியும் சூடு பேரிங்குடையதா பிரேக்குடையதா என்று கண்டுபிடிக்க முடியாது.