அக்கா மகனுக்கு இன்டர்வியூ, எனக்குக் கேள்வி கேட்கும் வேலை

அக்கா மகன் பிறந்து வளர்ந்தது எல்லாம் சிகாகோ பக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இப்போது டாக்டராகப் போகிறேன் என்கிறான், அதுவும் இன்ஜினியரிங்கையும் மருத்துவத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில். இப்படி ஒன்று இருப்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி 2018-இல் 32 மாணவர்களோடு தொடங்கியதாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் என்மெட் ஹூஸ்டனில் இருக்கிறது; அங்கே டாக்டர் பட்டமான எம்.டி.யோடு இன்ஜினியரிங் மாஸ்டர்ஸும் உண்டு, படிப்பு முடிவதற்குள் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தும் ஆக வேண்டும். இவனுக்கு எங்கிருந்து அழைப்பு வந்தது என்று எழுதக் கூடாதென்று உத்தரவு.

விடுமுறைக்குப் பினாங்கு வந்த நேரம் பார்த்து ஆன்லைனில் இன்டர்வியூ. அங்கே குளிர்காலத்தில் காலை 9 என்றால் இங்கே இரவு 11. அதனால் பயிற்சியையும் ராத்திரியிலேயே வைத்துக்கொண்டோம், நான் பாயான் லெப்பாசில் வேலை முடித்து, ஜாமைத் தாண்டி வீடு வந்து, சாப்பிட்ட பிறகு. நான் டாக்டர் இல்லை, மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்ப்பவன். கருவி எங்கே சொதப்பும் என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் அக்கா என் தலையில் கட்டிவிட்டாள்.

"இன்ஜினியராகவே இருந்து கருவி செய்யலாமே, டாக்டர் பட்டம் எதுக்குடா?" என்று ஆரம்பித்தேன். இரண்டு துறைகளுக்கும் நடுவே பாலமாக இருப்பேன் என்றான். அந்தப் பாலத்தை அங்கே வருகிற அத்தனை பேரும் கட்டுவார்கள், வேறு சொல்லு என்றேன்.

அப்புறம் கோவிட் சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர், அதை மேசைமேல் வைத்து இது தப்புக் காட்டுமா என்று கேட்டேன். பையன் புகுந்து விளையாடிவிட்டான். சிவப்பு ஒளி 660 நானோமீட்டர், அகச்சிவப்பு 940, இரண்டும் விரலைக் கடந்து வரும் விகிதத்தை வைத்துத்தான் கணக்கு, தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சுவதால் கறுத்த தோலில் கணக்கு பிசகலாம் என்றெல்லாம் சொன்னான். 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வும் கையில் இருந்தது: மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், ரத்தத்தில் நிஜமாகவே 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6. அங்கிருந்து நேராகப் புது சென்சார் டிசைனுக்குத் தாவி, பேப்பரில் படமும் வரைய ஆரம்பித்துவிட்டான்.

"சரி, உன் சென்சார் வர வருஷங்கள் ஆகும். இன்றைக்கு ராத்திரி வார்டில் நம்ம நிறத்தில் ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார், மீட்டர் 94 காட்டுகிறது. என்ன செய்வாய்?"

பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவேன், உதட்டையும் ஆளையும் பார்ப்பேன், சந்தேகம் இருந்தால் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன் என்றான். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் தடுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பிரச்சினையைக் கேட்டதும் கை கருவியைத் தேடிப் போய்விடுகிறது, படுத்திருக்கிற ஆள் மறந்துபோகிறார்.

இதே கூத்து அம்மாவிடமும் நடந்தது. அம்மாவுக்கு இன்சுலின் பேனாவில் உள்ள எண் சரியாகத் தெரியாது, டக் டக் என்று கேட்கும் சத்தத்தை எண்ணித்தான் திருப்புவார். அப்படி எண்ணக் கூடாது என்று நர்ஸ் சொல்லியும் கேட்பதில்லை, டிவியில் சீரியல் சத்தம் கூடினால் கணக்கு போச்சு. ப்ளூடூத் வைத்து போனில் காட்டலாமே பாட்டி என்றான். "போன்ல இருக்கிற எழுத்தே தெரியலய்யா, இதை வேற அதுல பார்க்கணுமா?" என்றார். தவிர, பேனா வருவது ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்துகொள்ளும் அரசாங்க கிளினிக்கிலிருந்து. ப்ளூடூத்துக்கு யார் காசு கொடுப்பது?

மறுநாள் ஊசி போடும் நேரத்தில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அம்மா உட்காரும் மூலையில் வெளிச்சமே இல்லை. நாற்காலியைச் சமையலறை விளக்குக்கு அடியில் போட்டு, பேனாமேல் மாட்டுகிற சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். இப்போது எண் தெரிகிறது. இன்டர்வியூவில் இதைச் சொல்லுடா என்றால், இது ரொம்ப சின்ன விஷயம் மாமா என்கிறான்! டிரோன் புராஜெக்டைத்தான் சொல்வானாம். இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

எம்எம்ஐ (மல்டிப்பிள் மினி இன்டர்வியூ) முறைக்கும் கொஞ்சம் பழகினோம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை அது, ஒவ்வொரு நிலையமாகப் போய்ச் சில நிமிடங்களில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போனில் அலாரம் வைத்தால் போதும், பெரிய வித்தை இல்லை.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள் இல்லையா, அதற்கு மட்டும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மாணவன் படிக்கும்போது கண்டுபிடிக்கிற கருவிக்கு பேட்டன்ட் யார் பெயரில் போகும், மாணவன் பெயரிலா, கல்லூரி பெயரிலா? இதைக் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று அக்கா பயப்படுகிறாள். கண்டுபிடிக்கச் சொல்கிறவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பதாம்.