வஞ்சிரம் பிடிக்க எந்த ராட், எந்த ரீல்?

சென்னையின் உணவகப் பட்டியல்களில் ‘கிங்ஃபிஷ்’ என்று அச்சிட்டிருந்தால் அது வஞ்சிரம்தான் என்பதில் இங்கே யாருக்கும் ஐயம் எழுவதில்லை. எனக்கும் எழவில்லை. லூர் (செயற்கை இரை) வீசி வஞ்சிரம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது, கிங்ஃபிஷுக்கு ஏற்ற ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கம்பு) எது என்று இணையத்தில் தேடி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எடுக்கப்பட்ட காணொளிகளை விடிய விடியப் பார்த்து, அவற்றில் பரிந்துரைத்த அளவிலேயே என் முதல் கடல் ராட்டையும் ரீலையும் (நூல் சுற்றும் பொறி) வாங்கினேன். அவர்கள் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. அவர்கள் கிங்ஃபிஷ் என்று அழைப்பது வேறொரு மீன், அவ்வளவுதான்.

அது மஞ்சள் வாலுடைய செரியோலா. நம்மூர்ப் பாறை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. முள் தைத்ததும் அது அடியிலுள்ள கற்பாறைகளை நோக்கித் தலைகுப்புறப் பாய்ந்து, நூலை உரசி அறுத்துக்கொள்ளப் பார்க்கும். அதை வலுக்கட்டாயமாக நிறுத்தியாக வேண்டும் என்பதால் அங்கே தடித்த ராட், 14000 என்ற பெரிய அளவு ரீல், பத்துக் கிலோவுக்கு மேல் இழுவை என்று பேசுகிறார்கள். நம் வஞ்சிரமோ நீர்மட்டத்தை ஒட்டியோ நடுநீரிலோ கிடையாக, விட்ட அம்பு போல ஓடுகிற மீன். ஓட விட்டால் பெரும்பாலும் நூலுக்கு ஆபத்தில்லை. அதன் ஆயுதம் கத்தரி போன்ற பல்வரிசை. ஆக, ஒரு மீனை நிறுத்துவதற்காகச் செய்த கருவியை வைத்துக்கொண்டு, ஓட விட்டுப் பிடிக்க வேண்டிய மீனிடம் போனேன்.

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கியிருந்த ஒரு தை மாதக் காலையில், கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் சென்றபோது இது புரிந்தது. ஐம்பது மீட்டர் தொலைவில் ஆலாக்கள் வட்டமிட்டுப் பாய்ந்துகொண்டிருந்தன; கீழே நெத்திலிக் கூட்டம் சிதறித் துள்ளியது. என் கையிலிருந்த ராட்டும் ரீலும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் எடை. லூரோ 30 கிராம் உலோகத் துண்டு. முழு பலத்துடன் வீசியும் அது இருபது மீட்டரைத் தாண்டவில்லை. நான்கைந்து முறை பார்த்துவிட்டுப் படகோட்டி அண்ணன் சொன்னார்: “தம்பி, கம்பு வளையவே இல்லையே. வளையாத கம்பு எப்படி எறியும்?”

அந்த ஒரு கேள்வியில் ராட் தேர்வின் பாதி அடங்கியிருக்கிறது. லூரின் எடை ராட்டைப் பின்னோக்கி வளைக்க வேண்டும். வளைந்த ராட் நிமிரும்போதுதான் லூர் பறக்கிறது. 80 முதல் 150 கிராம் வரை வீசுவதற்கென்று செய்த ராட்டுக்கு 30 கிராம் லூர் இருப்பதே தெரியாது. ஆகவே கடைக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியது லூரின் எடையைத்தான். வஞ்சிரம் இங்கே துரத்துவது பெரும்பாலும் நெத்திலி, மத்தி போன்ற விரல் நீள, சாண் நீள மீன்களை என்பதால், 28 அல்லது 40 கிராம் உலோக லூர்களும், 30 முதல் 60 கிராம் வரையிலான குச்சி வடிவ லூர்களான ஸ்டிக்பெயிட்களுமே என் பெட்டியில் அதிகம் இருக்கின்றன. அதற்கு 20 முதல் 60 கிராம் வரை வீசக்கூடிய, பி.ஈ. (பின்னல் நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) 1.5 முதல் 3 வரையிலான நூலுக்கென்று குறிக்கப்பட்ட ராட் போதும். ராட்டில் எழுதியிருக்கும் மேல் எல்லையை நம்பி வாங்க வேண்டாம். நாம் அதிகமாக வீசும் எடை அந்த எல்லைகளின் நடுவில் விழுந்தால்தான் நாள் முழுவதும் கை நோகாமல் வீச முடியும்.

நீளத்தைப் பொறுத்தவரை, படகுக்கு ஏழரை அடி என்பது என் முடிவு. எட்டு அடி இன்னும் தொலைவு வீசும். ஆனால் மூன்று பேர் நிற்கும் சிறிய ஃபைபர் படகில் பின்னால் இருப்பவரின் முகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மீன் படகின் கீழே வந்து வட்டமடிக்கும்போது நீண்ட ராட்டைச் செங்குத்தாகத் தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது மொத்தச் சுமையும் மெலிந்த நுனிப்பகுதிக்குப் போய் ராட் ஒடிந்துவிடும். அலைதடுப்புக் கற்களில் நின்று வீசுவோருக்குக் கணக்கே வேறு; அவர்களுக்கு ஒன்பது அல்லது பத்து அடி வேண்டும்.

வளைவின் தன்மையை நான் கடையில் பார்ப்பதைவிட மொட்டை மாடியில் பார்ப்பதையே நம்புகிறேன். ராட்டில் ரீலைப் பொருத்தி, வளையங்கள் வழியாக நூலைக் கோத்து, நுனியில் ஒரு கொக்கித் தராசைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியின் குழாயோடு இணைத்துவிட்டு, ராட்டை நாற்பத்தைந்து டிகிரியில் பிடித்து மெல்லப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தங்கை மகன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ரெண்டரை, மாமா... மூணு” என்று வாசிப்பான். மூன்று கிலோ இழுவையில் ராட்டின் மேற்பாதி அழகாக வளைந்து, அடிப்பாதியில் இன்னும் பலம் மிச்சமிருக்க வேண்டும். நுனி மட்டும் வளைந்து மற்றதெல்லாம் விறைத்து நிற்கும் ராட் வஞ்சிரத்துக்கு ஆகாது. மீன் தலையை உதறும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேராக முள்ளுக்குப் போய், தைத்த இடத்தைக் கிழித்துப் பெரிதாக்கிவிடும். அடிப்பிடியின் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். அது முழங்கையைச் சற்றே தாண்டி நின்றால் போதும்.

ரீலுக்கு வருவோம். வஞ்சிரம் மெதுவாக வரும் லூரை நெருங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வேகமாக ஓடும் லூரைத்தான் ஆத்திரத்தோடு வெட்டும். எனவே கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் நூல் உள்ளே வருகிறது என்பதே நான் முதலில் பார்க்கும் எண். நூல் சுற்றியிருக்கும் பகுதியான ஸ்பூலில் நிறைந்த நூலின் விட்டம் 5.2 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 16.3 செ.மீ. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூலில் எத்தனை சுற்று நூல் ஏறுகிறது என்பதைக் காட்டும் பற்சக்கர விகிதம் 6.2 ஆக இருந்தால் ஒரு சுற்றுக்கு 101 செ.மீ. வரும், 4.9 ஆக இருந்தால் 80 செ.மீ. தான். முதல் ரீலை நொடிக்கு இரண்டு முறை சுற்றினால் லூர் நொடிக்கு இரண்டு மீட்டர் ஓடும். இரண்டாவதில் அதே வேகத்துக்கு இரண்டரை முறை சுற்ற வேண்டும். காகிதத்தில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு, வெயில் ஏறிய பிறகு மணிக்கட்டுக்கு நன்றாகத் தெரியும். தைத்த மீன் திடீரெனத் திரும்பிப் படகை நோக்கியே வரும்போதும் நூல் தொய்யாமல் காப்பாற்றுவது இந்த வேகம்தான்.

அளவைச் சொல்லும் 4000, 5000, 6000 ஆகிய எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை. ஷிமானோவின் ஓர் எண்ணும் டைவாவின் அதே எண்ணும் ஒரே உடலைக் குறிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பி.ஈ. 2 நூல் 300 மீட்டர் கொள்கிறதா, எடை 300 முதல் 400 கிராமுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மீன் இழுக்கும்போது நூலைக் கட்டுப்பாட்டோடு வெளியே விடும் பிரேக்கான டிராக் பற்றித்தான் எனக்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக 12 கிலோ, 15 கிலோ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். நாம் உண்மையில் வைக்கப்போவது இரண்டரை முதல் மூன்றரைக் கிலோ. அந்த அளவில் ஸ்பூல் தயக்கமின்றி நகரத் தொடங்குகிறதா என்பதே கேள்வி. தராசை மெல்ல இழுக்கும்போது அதன் முள் மூன்றரைக்கு ஏறி, ஒரு திக்கலுக்குப் பின் இரண்டரைக்கு விழுந்தால், அந்தத் திக்கல் கடலில் அறுந்த லீடராகவோ (லூருக்கு முன் கட்டும் முன்நூல்) கிழிந்த தாடையாகவோ முடியும். மேலும், மீன் ஓட ஓட ஸ்பூலிலுள்ள நூலின் விட்டம் சுருங்குகிறது. 5.2 செ.மீ. விட்டத்தில் மூன்று கிலோவாக வைத்த டிராக், விட்டம் 3.9 செ.மீ. ஆகும்போது தானாகவே நான்கு கிலோ ஆகிவிடும். அதற்கு மேல் நீரில் கிடக்கும் நீண்ட நூலின் இழுவையும் சேரும். நல்ல வஞ்சிரம் முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டரை எடுத்துச் செல்லும்போது பதற்றத்தில் டிராக்கை இறுக்குவது நம் இயல்பு. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது: கையை எடுத்துவிட்டு ஓட விட வேண்டும், இயன்றால் சற்றுத் தளர்த்தவும் வேண்டும்.

பல்லுக்கு எதிராக எந்த ராட்டும் உதவாது. அது லீடரின் வேலை. 40 அல்லது 50 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூலின் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கம்பி கட்டுகிறேன். இணைப்புச் சுழலி கருப்பு நிறத்தில் இருப்பது நல்லது, ஏனெனில் பளபளக்கும் சுழலியையே இரை என்று கடித்து, அதற்கு மேலுள்ள நூலை அறுத்துவிட்டுப் போகும் வஞ்சிரம் உண்டு. ராட் வாங்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்: பிரெய்டையும் (ரீலில் சுற்றியிருக்கும் பின்னல் நூல்) லீடரையும் இணைக்கும் முடிச்சு நுனி வளையத்தின் வழியே தட்டாமல் போய்வர வேண்டும். நான் ஒரு லீடர்த் துண்டில் முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, கடையிலேயே கோத்துப் பார்க்கிறேன்.

உப்பு என் இரண்டாவது ரீலைத் தின்றது. கடலுக்கு ஏற்றது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்ன ரீல்; நான்கு மாதத்தில், நூலை ஸ்பூலுக்குத் திருப்பிவிடும் நூல் உருளை இறுகிவிட்டது. உருளை சுழலாதபோது பிரெய்டு அதன் மேல் உரசிக்கொண்டே வருகிறது. புது நூல் முதல் இருபது மீட்டர் முழுவதும் பஞ்சாகப் பிசிறிட்டிருந்தது. சுவரில் சாய்த்து வைத்த ரீலின் அந்தச் சிறு உருளையை நகத்தால் தள்ளிப் பார்த்தபோது, பச்சை படிந்த உப்புத் துகள் விரலில் ஒட்டியது. அதன் பிறகு நூல் உருளையிலும் டிராக்கிலும் நீர் புகாத அடைப்பு (சீல்) இருக்கிறதா என்பதைக் கேட்டே வாங்குகிறேன். பென் ஸ்பின்ஃபிஷர், ஸ்லாமர் போன்ற ரீல்கள் கனமானவை என்றாலும், பெரிய பராமரிப்பு இல்லாமல் உழைக்க வேண்டும் என்போருக்கு அந்தக் கனம் ஏற்கத்தக்கது. எனக்கு எடை குறைவாக வேண்டும் என்பதால் கழுவுவதில் கவனத்தைச் செலுத்துகிறேன்.

மொத்தமாக 20,000 ரூபாய் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டபோது, 12,000 ரீலுக்கும் 5,000 ராட்டுக்கும் மீதி நூலுக்கும் லீடருக்கும் என்று பிரித்துச் சொன்னேன். ராட் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வளைந்துகொடுக்கும். திக்குகிற டிராக்கை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. கரைக்கு வந்ததும் டிராக்கை முழுவதும் இறுக்கிவிட்டு, குழாயை வேகமாகத் திறக்காமல் குவளை நீரை மெல்ல ஊற்றிக் கழுவி, துடைத்து நிழலில் உலர்த்திய பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.