கூரை இல்லாத இடத்தில்தான் சிக்னல் கிடைத்தது

"உங்கள் வகுப்பில் இப்போது மின்விசிறி ஓடுகிறதா?"

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரையைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஒரு பையன் கேமராவைத் திருப்பி உத்தரத்தைக் காட்டினான். மின்விசிறி மாட்டுகிற கொக்கிகூட அங்கே இல்லை. எங்கள் பக்கம் 38 பேரும் "மலை!" என்று கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வகுப்புகள் காணொலியில் சந்தித்து, ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களை வைத்து அடுத்தவர் ஊரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. 'மிஸ்டரி ஸ்கைப்' என்ற பெயரில் பல நாட்டு ஆசிரியர்கள் ஆடியது. 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடிவிட்டார்கள். விளையாட்டுக்கு எந்தச் செயலியாக இருந்தால் என்ன? (உத்தரத்தைக் காட்டியது விதிமீறல்தான். நான் கண்டுகொள்ளவில்லை.) கடல் இல்லை, ரயில் இல்லை, வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா என்றால் சிலர் ஆம், சிலர் இல்லை. கொடைக்கானல் என்று ஒரு தப்பு அடி அடித்துவிட்டு, கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தோம். இல்லை என்றவர்கள் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள்.

எங்களை அவர்கள் பிடித்த விதம் வேறு. "உங்கள் ஊர்ப் பெயரை ஓட்டல் பலகைகளில் பார்க்கலாமா?" நாங்கள் ஆம் என்று சொல்லி முடிப்பதற்குள் "செட்டிநாடு!" என்று குரல் வந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கியது. "நம் ஊர் என்றால் கோழிக் குழம்பு மட்டும்தானா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அடுத்த இரண்டு மாத வேலையை அந்தக் கேள்விதான் எங்களுக்குக் கொடுத்தது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். திரை வழியாகச் சுற்றுலா போவதில் என் முதல் முயற்சி படுதோல்வி. வெளியூர்க் காட்சியகம் ஒன்றின் நிகழ்ச்சிக்கு வகுப்பைப் பதிவு செய்திருந்தேன். அங்கே ஒருவர் உட்கார்ந்துகொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி விளக்கிக்கொண்டே போனார். அதற்குப் பாடப்புத்தகமே போதும். என் பிள்ளைகள் திரையின் மூலையில் தெரிந்த தங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கிவிட்டான். நம் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு தானாக அறுந்தது. யாருக்கும் வருத்தம் இல்லை, எனக்கும்தான்.

கோத்தகிரி ஆசிரியரும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். விளக்கவுரை கிடையாது. யாராவது கையால் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் அவரைக் கேட்க வேண்டும். அதற்கு முன், தொட்டுப் பார்க்க ஒரு பொருள் பார்சலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்றைச் சாக்கில் சுற்றி அனுப்பினோம். அவர்கள் பச்சைத் தேயிலைக் கொழுந்து அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து நான் பிரித்தபோது உள்ளே பச்சையே இல்லை. இலை கசங்கிப் பழுப்பாகி, லேசான இனிப்பு வாசம் அடித்தது. பிள்ளைகள் மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே, கெட்டுப்போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாள் திரையில் அந்த ஆசிரியர் சிரித்தார். வாடவைத்து, நசுக்கி, காற்றுப் பட வைத்துப் பழுப்பாக்குவதைத்தான் தொழிற்சாலையில் அளவு பார்த்துச் செய்கிறார்கள். சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்துவதுதான் சாமர்த்தியம் என்றார். தன்னை அறியாமல் அந்த வாரம் மிகச் சிறந்த பாடத்தை நடத்தியது கூரியர்காரர்.

அந்த ஆசிரியர் போனோடு தொழிற்சாலைக்குள் போனதும் இயந்திரச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கேமரா முன் பிடித்தார். எங்கள் பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். தன் திரையில் எழுத்து இடவலமாக மாறித் தெரிந்ததால் அவர் பதறி, தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தது தனிக் கூத்து. அது அவருக்கு மட்டும்தான் அப்படித் தெரியும், எங்களுக்கு நேராகத்தான் வருகிறது என்று நாங்கள் பதிலுக்குத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

பிறகு எங்கள் முறை. ஆறு பிள்ளைகளோடு ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறினேன். மற்றவர்கள் பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்திலிருந்து பார்த்தார்கள். போனைப் பிடிக்கும் வேலை, வகுப்பில் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார மாட்டாதவனுக்கு. நிறைகுடத்தோடு நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நடந்தான்.

பட்டறையில் பெரியவர் ஒருவர் கண்ணாடித் துண்டைத் துடைத்து இரும்புச் சட்டத்துக்குள் வைத்தார். அதன்மேல் பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சாந்து, சின்ன அகப்பையால், சிந்தாமல். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு அச்சைத் தூக்கினார். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. சரியாக அந்த நொடியில் கோத்தகிரியில் படம் உறைந்துவிட்டது.

"அண்ணா, நாங்கள் பார்க்கவில்லை! மறுபடியும் தூக்கச் சொல்லுங்கள்!" என்று போனில் அலறல்.

தூக்கிய அச்சை மறுபடி எப்படித் தூக்குவது? பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதற்கென்ன, இன்னொரு கல் போடுகிறேன்" என்று அடுத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். இரண்டாவது முறை எல்லோரும் பார்த்தார்கள். மேலே சிமெண்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டுக் கரண்டியால் மட்டம் செய்தார். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, காய வைத்தால் தீர்ந்தது. பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று மலையிலிருந்து கேள்வி வந்தது. ஊறிக் காய்ந்த கல் ஒன்றிலிருந்து கண்ணாடியைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கியிருந்தது. கோத்தகிரிப் பிள்ளைகள் தங்கள் மேசையில் இருந்த கல்லைத் தடவிப் பார்ப்பது திரையில் தெரிந்தது.

கடைசிப் பயணம் பக்கத்து ஊர்ப் பெரிய வீடு ஒன்றுக்கு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் பலர், பல ஊர்களில் இருக்கிறார்கள். கல்யாணம், காரியம் என்றால்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் ஒரு காவல்காரரும் சாவிக் கொத்தும். வெளியூர்ப் பள்ளிக்குக் காட்ட வேண்டும் என்று பத்து நாள் போனில் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் அப்படிக் கேட்டதும் இல்லை.

திண்ணை, முகப்பு வரை படம் நன்றாகப் போனது. அதைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. அவ்வளவு கனமான சுவர்கள். பையன் போனைத் தூக்கிக்கொண்டே நடந்து வளவுக்கு வந்தான். நடுவில் வானம் பார்த்த முற்றம். அங்கே நின்றதும் கோத்தகிரி திரும்ப வந்தது. அதனால் மிச்சப் பயணம் முழுவதும் அந்த முற்றத்திலேயே நடந்தது.

"நடுவில் கூரை போட மறந்துவிட்டார்களா?" என்பது முதல் கேள்வி. 6,000 அடிக்கு அருகில், மூடுபனிக்கும் சாரலுக்கும் கதவைச் சாத்தியே வாழும் பிள்ளைகள் வேறு என்ன கேட்பார்கள்? எங்கள் மாணவி வெயிலைப் பற்றிச் சொன்னாள்; சூடான காற்று மேலே போவதை, மழை நேராக உள்ளே விழுவதைச் சொன்னாள். தூண்களைக் காட்டி, இது பர்மாத் தேக்கு, ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"உங்கள் தாத்தா பர்மாவுக்குப் போனாரா அக்கா?"

நான் சொல்லிக் கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை.

"இல்லை, இந்த வீட்டுக்காரர்களுடைய தாத்தா போனார்" என்றாள். காணொலியில் அரை நொடித் தாமதம் எப்போதும் உண்டு. அன்று அது நீளமாகத் தெரிந்தது. "எங்கள் பாட்டி இந்தத் தூணையெல்லாம் துடைத்திருக்கிறார். நான் பாட்டியோடு பின்கட்டு வரைக்கும் வந்திருக்கிறேன். முன்வாசல் வழியாக இன்றைக்குத்தான் வருகிறேன்."

கோத்தகிரியில் ஒரு சிறுமி, "அப்படியென்றால் எங்களைப் போலத்தான்" என்றாள். 40 நிமிடம் முடிந்து திரை அணைந்தது.

போனைப் பையில் வைத்துவிட்டு, கிளம்பலாம் என்றேன். ஒருவரும் நகரவில்லை. அந்த மாணவி குனிந்து தரைக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் தூணைக் கட்டிப்பிடித்துக் கை சேருகிறதா என்று பார்த்தான். சேரவில்லை, நண்பன் கையைச் சேர்த்துக்கொண்டான். காவல்காரர் சாவியை இரண்டு முறை குலுக்கினார்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். "டீச்சர், அந்தப் பிள்ளைகள் நேற்று மறுபடியும் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கையில் போன் எதுவும் இல்லை."

"உள்ளே விட்டீர்களா ஐயா?"

"பங்காளிகளைக் கேட்காமல் நான் எப்படி விடுவது? கேட்டுச் சொல்கிறேன் என்றேன். திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்."

பங்காளிகளின் எண்களை அவரிடமே வாங்கி எழுதிக்கொண்டேன். மொத்தம் ஒன்பது. இதுவரை நான்கு பேரிடம் பேசியிருக்கிறேன்.