புற்றுக்காளானை இனம் காணுதல்: இதுவரை செய்து பார்த்தவை

மழைக்காலத்தில் கறையான் புற்றுகளை ஒட்டி முளைக்கும் காளான்கள் அனைத்தையும் எங்கள் பகுதியில் புற்றுக்காளான் என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அறிவியல் முறைப்படி அவை டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். அவற்றுள் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி, 1979-இல் கே. நடராஜன் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த இனம் என்பதால், அதை இந்த மண்ணிலேயே ஐயமின்றி அடையாளம் கண்டு பதிவு செய்ய விரும்பினேன்.

இக்காளானைப் பறிக்காமல் தோண்டியே எடுக்க வேண்டும். தண்டின் தொடர்ச்சியாக மண்ணுக்குள் இறங்கும் வேர் போன்ற பகுதி, கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை செல்கிறது. அது முறிந்துவிட்டால் முதன்மையான அடையாளமே போய்விடும். கறையான்கள் வெளியே கொண்டுவந்து போடும் தோட்டத் துணுக்குகளிலிருந்து கூட்டமாக முளைக்கும் சிறிய மைக்ரோகார்பஸ் இனத்திற்கு இந்த வேர் கிடையாது. குடையின் நடுவிலுள்ள முகட்டின் வடிவத்தையும் நிறத்தையும், தண்டில் வளையம் உள்ளதா என்பதையும் எடுத்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். ஹெய்மிக்கு வெண்ணிறக் குடையும், சாம்பல் கலந்த பழுப்பு முகடும், நிலைத்து நிற்கும் வளையமும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும், விதை போல உதிரும் நுண்துகள்களான ஸ்போர்த்தூளின் நிறத்தைக் காண, குடையை வெட்டி, அதன் அடிப்புற மடிப்புகளான செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு கண்ணாடித் தகட்டில் ஓர் இரவு மூடி வைக்கிறேன். இந்த எளிய சோதனையை எவரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புல்வெளிகளில் வளரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளானுக்கும் வெண்குடையும் வளையமும் உண்டு. இளம் பருவத்தில் அதன் செவுள்களும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அதன் ஸ்போர்த்தூள் பச்சையாகப் படியும், புற்றுக்காளானுடையது வெளிர் இளஞ்சிவப்பாகப் படியும்.

இந்த இளஞ்சிவப்பை முதன்மையாகக் கொண்டு முற்கால அறிஞர்கள் இப்பேரினத்தை வேறு குடும்பங்களில் வைத்திருந்தனர். மரபணு ஆய்வுகளே அது லையோஃபில்லேசி குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நிலைநாட்டின.

மரபணுச் சோதனைக்கு, குடையும் தண்டும் சேரும் இடத்தின் உட்சதையிலிருந்து சிறு துண்டை எடுத்து சிலிக்கா ஜெல்லில் உலர்த்துகிறேன். மேற்புறத்தில் ஈஸ்டும் வேறு பூஞ்சைகளும் ஒட்டியிருக்கும் என்பதால் உட்சதையே நம்பத்தக்கது. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் நண்பர் டி.என்.ஏ.வைப் பிரித்து, 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ். பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கித் தந்தார். அப்பகுதியின் டி.என்.ஏ. எழுத்து வரிசை கைக்கு வந்ததும், எழுத்துகளை மட்டும் பார்க்காமல், கருவி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் அலையாகக் காட்டும் அலைவரைபடத்தில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களையும் சரிபார்த்த பிறகே ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிட்டேன்.

நான் தோண்டியெடுத்தவற்றுள் வளையமுள்ள வெண்குடைக் காளானின் வரிசை ஹெய்மி என்ற பெயரிலுள்ள பதிவுகளுடன் மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஆயினும், ஏறக்குறைய அதே அளவுக்குப் பொருந்திய சில பதிவுகள் வேறு இனப்பெயர்களைத் தாங்கியிருந்தன. பதிவிட்டவர் தம் காளானுக்கு எந்தப் பெயரைச் சூட்டினாரோ அதையே தரவுத்தளம் திருப்பித் தருகிறது. அவற்றுள் படமோ விவரணையோ உலர்மாதிரியோ இணைக்கப்படாதவற்றை நான் சான்றாகக் கொள்ளவில்லை. வேர், முகடு, வளையம், ஸ்போர்த்தூள் ஆகிய நான்கும் ஹெய்மியையே காட்டியதால்தான் அப்பெயரை எழுதினேன்.

தோண்டியெடுத்த மற்றொன்றான, முகடு கூர்மையாக உள்ள பழுப்புநிறக் காளானின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு ஐ.டி.எஸ். மட்டும் போதாது என்று கருதி, மற்றோர் அடையாளப் பகுதியான பெரிய ரைபோசோம் துணையலகின் மரபணுவையும் வரிசைப்படுத்தக் கேட்டிருக்கிறேன். உலர்த்திய மாதிரி, இடம், நாள், படங்கள் ஆகியவற்றுடன் ஒரே எண்ணில் பாதுகாப்பாக உள்ளது.