வெப் ப்ரோகிராமிங் லேப் எக்ஸாமும் வேலை செய்யாத சி பட்டனும்

பிசிஏ படிக்கும்போது வெப் ப்ரோகிராமிங் லேப் எக்ஸாம்ல சீட்டு எடுத்தேன், ஜாவாஸ்கிரிப்ட்ல கால்குலேட்டர் எழுதணும்னு வந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரே குஷி, ஏன்னா ரெக்கார்ட் நோட்டுல இருந்த ப்ரோகிராம்லயே வரி வரியா எனக்கு மனப்பாடம் ஆனது அது ஒண்ணுதான். முக்கா மணி நேரத்துல அடிச்சு முடிச்சிட்டேன், நம்பர் பட்டன் எல்லாம் ஓடுது, கூட்டல் கழித்தல் ஓடுது, எக்ஸ்டர்னல் சார் பின்னாடி வந்து நின்னு டிஸ்ப்ளேவ அழிக்கிற சி பட்டனை அமுக்க சொன்னாரு, அமுக்குனேன், ஒண்ணுமே நடக்கல. மறுபடி அமுக்குனேன். டிஸ்ப்ளேல இருந்த நம்பர் அப்படியே என்னைப் பாத்துட்டு இருக்கு. பிரவுசர் எர்ரர் காட்டுற கன்சோல்ல சிவப்பா ஒரு எர்ரராவது வந்திருந்தா அதப் பிடிச்சு எதாவது பண்ணியிருக்கலாம், அதுவும் இல்ல. லேப்ல இத எத்தனையோ தடவ ரன் பண்ணியிருக்கோம், ஆனா ஒருத்தன் கூட சி பட்டனை அமுக்கிப் பாத்ததில்லங்கறது அப்பதான் உறைச்சுது.

காரணம் ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. சி பட்டனுக்காக நான் எழுதுன ஃபங்ஷன், அதாவது அந்த வேலையச் செய்யற கோட் துண்டு, அதோட பேரு கிளியர். பட்டன் டேக் உள்ளேயே, கிளிக் பண்ணா ஓடுறதுக்கு ஆன்கிளிக்னு போட்டு அதுல கிளியர்னு எழுதியிருந்தேன். இப்படி டேக்குக்குள்ள எழுதுனா பிரவுசர் அந்தப் பேர முதல்ல பட்டன்கிட்ட தேடும், ஃபார்ம் உள்ள இருந்தா ஃபார்ம்கிட்ட தேடும், அப்புறம் டாக்குமெண்ட்கிட்ட, அதாவது மொத்த பேஜ்கிட்ட தேடும், அங்கெல்லாம் இல்லன்னாதான் நம்ம எழுதுன ஃபங்ஷனுக்கு வரும். டாக்குமெண்ட்ல ஏற்கனவே கிளியர்னு ஒரு பழைய ஃபங்ஷன் கிடக்கு, இப்ப அது எதுவுமே செய்யாது, சும்மா பேருக்கு இருக்கு. பிரவுசர் அதக் கூப்பிட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடுச்சு, என் ஃபங்ஷன் பக்கம் வரவே இல்ல. பேர கிளியர்டிஸ்ப்ளேன்னு மாத்தியிருந்தா அன்னைக்கே ஓடியிருக்கும். ஃபார்ம் உள்ள இருக்கற பட்டன் கூப்பிடுற ஃபங்ஷனுக்கு ரீசெட், சப்மிட்னு பேரு வெச்சாலும் இதே கூத்துதான், நம்ம ஃபங்ஷன் ஓடாது.

இதுல இருந்து நான் படிக்கிற முறையவே மாத்திட்டேன். ப்ரோகிராம மனப்பாடம் பண்றத விட்டுட்டு எந்தப் பட்டன் ப்ரோகிராம் பாத்தாலும் ரெண்டே கேள்விதான் கேட்டுக்குவேன்: இந்த ஃபங்ஷன யாரு கூப்பிடுறா, எப்ப கூப்பிடுறா? லேப்ல வர்ற பிழைல பாதிக்கு மேல இதுக்குள்ளயே அடங்கிடும்.

முக்கியமா பிராக்கெட் விஷயம். கிளிக் மாதிரி ஒரு ஈவன்ட் நடந்தா எந்த ஃபங்ஷன் ஓடணும்னு ஸ்கிரிப்ட்ல சொல்லி வைக்கறதுதான் ஆட் ஈவன்ட் லிசனர். அதுல ஃபங்ஷன் பேர மட்டும் குடுக்கணும், நம்ம பழக்க தோஷத்துல பக்கத்துல திறந்து மூடுற பிராக்கெட்டும் போட்டுருவோம். கல்யாண வீட்டுல சமையல் மாஸ்டர் நம்பர மாமா கைல குடுத்து, கூட்டம் வந்ததும் இவருக்கு ஒரு போன் போடுங்க மாமான்னு சொல்றது ஒண்ணு, மண்டபம் திறக்கறதுக்கு முன்னாடியே நம்மளே போன் போட்டு இலை போட சொல்லிட்டு மாமா கைல வெறும் பேப்பர குடுக்கறது இன்னொண்ணு. பிராக்கெட் போட்டா ரெண்டாவதுதான் நடக்கும், பேஜ் லோட் ஆகும்போதே ஃபங்ஷன் ஓடி முடிஞ்சிடும், அது திருப்பித் தர்ற அன்டிஃபைன்டு, அதாவது அந்த வெறும் பேப்பர்தான் லிசனருக்குப் போகும், அப்புறம் நீங்க நூறு தடவ கிளிக் பண்ணாலும் சத்தமே வராது. ஆனா டேக்குக்குள்ள எழுதுற ஆன்கிளிக்ல பிராக்கெட் வேணும், ஏன்னா அங்க எழுதுறது கிளிக் வரும்போது ஓட வேண்டிய வரி. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுதான் நிறைய பேரு மார்க்க விடுறாங்க.

அடுத்தது நல் எர்ரர். ஸ்கிரிப்ட ஹெட்ல போட்டு அதுலயே பட்டனைத் தேடுனா, பிரவுசர் மேல இருந்து கீழ படிச்சிட்டு வருது இல்லையா, பட்டன் இன்னும் பொறக்கவே இல்ல, அதனால கிடைக்கறது நல், அதாவது ஒண்ணுமில்ல. அதுல ஆன்கிளிக் வைக்கப் போனா கெனாட் செட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்னு சிவப்பா வரும். ஸ்கிரிப்ட பாடி மூடுறதுக்கு முன்னாடி போடுங்க, தனி ஃபைலா இருந்தா டிஃபர்னு ஒரு வார்த்தை சேத்தா போதும்.

ஃபார்ம் வேலிடேஷன், அதாவது ஃபார்ம்ல நிரப்புனது சரியான்னு பாக்கற சீட்டு வந்தவங்களுக்கு இது. பட்டன் அமுக்குனதும் எர்ரர் மெசேஜ் ஒரு செகண்ட் மின்னிட்டு மறைஞ்சு, டெக்ஸ்ட்பாக்ஸ் எல்லாம் காலியாயிடுதா? ஃபார்ம் உள்ள இருக்கற பட்டனுக்கு டைப் எதுவும் குடுக்கலன்னா அது சப்மிட் பட்டன்னுதான் பிரவுசர் எடுத்துக்கும், பேஜயே திரும்ப லோட் பண்ணிடும். சும்மா கணக்கு போடுற பட்டன்னா டைப்ப பட்டன்னு குடுத்துருங்க. நிஜமாவே ஃபார்ம் அனுப்பணும்னா பட்டனோட கிளிக்க விட்டுட்டு ஃபார்மோட சப்மிட் ஈவன்ட்டப் பிடிங்க, தப்பு இருந்தா அங்க ப்ரிவென்ட் டிஃபால்ட் கூப்பிடுங்க, ஃபார்ம் போகாம நின்னுடும். கட்டாயம் நிரப்பணும்னு ரெக்வயர்டு போட்ட பாக்ஸ் காலியா இருந்தா பிரவுசரே தடுத்துடும், சப்மிட் ஈவன்ட் வராது, ஆனா கிளிக் வந்துடும், அந்த வித்தியாசம் வைவால பெருசா எடுபடும். இன்னொண்ணு, டெக்ஸ்ட்பாக்ஸ்ல இருந்து எடுக்கறது எல்லாமே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துதான், 2ஐயும் 3ஐயும் கூட்டுனா 23ன்னு வந்து நிக்கும், நம்பர்னு மாத்திட்டு கூட்டுங்க.

வைவான்னதும் ஞாபகம் வருது. எக்ஸ்டர்னல் என்கிட்ட கேட்டது, ஆன்கிளிக்குக்கும் ஆட் ஈவன்ட் லிசனருக்கும் என்னப்பா வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான் சார்னு தைரியமா சொன்னேன். அப்ப ஸ்கிரிப்ட்ல ஒரே பட்டனுக்கு ரெண்டு தடவ ஆன்கிளிக்ல வேற வேற ஃபங்ஷன் வெச்சா எது ஓடும்னாரு, முழிச்சேன். ஆன்கிளிக்ங்கறது ஒரே ஒரு நாற்காலி, ரெண்டாவது ஆள் வந்தா முதல் ஆள் எந்திரிச்சு போயிடணும். லிசனர் அப்படி இல்ல, எத்தனை சேத்தாலும் சேத்த வரிசையிலயே ஓடும். எடுக்கணும்னா ரிமூவ் ஈவன்ட் லிசனருக்கு அதே ஃபங்ஷன குடுக்கணும், பேரில்லாம அங்கயே எழுதுன ஃபங்ஷன அச்சு அசலா மறுபடி எழுதிக் குடுத்தாலும் எடுக்காது, எழுத்து ஒண்ணா இருந்தாலும் ஆள் வேற.

பப்ளிங் பத்தி, அதாவது பட்டன்ல விழுந்த கிளிக் அதச் சுத்தி இருக்கற டேக் வழியா மேல ஏறுறதப் பத்தி ஒரு தியரி கேள்வி எப்பவும் வரும். அந்தக் காலத்துல நெட்ஸ்கேப் பிரவுசர் ஈவன்ட்ட மேல இருந்து கீழ இறக்குச்சு, மைக்ரோசாஃப்ட் கீழ இருந்து மேல ஏத்துச்சு, வெப்புக்கு விதி வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு 2000ல டாம் லெவல் 2 ஈவன்ட்ஸ்ங்கற விதிய வெளியிட்டப்ப ரெண்டையும் சேத்து வெச்சாங்க, முதல்ல கேப்சர் இறங்கும், அப்புறம் பப்பிள் ஏறும். நம்ம எதுவும் சொல்லலன்னா லிசனர் ஏறும்போதுதான் கேக்கும். அட்டாச் ஈவன்ட்னு பழைய நோட்ஸ்ல பாத்தா தாண்டிப் போங்க, அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் இருந்தவங்க பாடு.

தியரியா படிச்சப்ப இது எதுக்குன்னே புரியல, வேலைக்கு இன்டர்வியூ போனப்பதான் புரிஞ்சுது. ஒரு லிஸ்ட், ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெலீட் பட்டன், ஆட் அமுக்குனா புது வரி வரணும், இதான் டாஸ்க். நான் எல்லா டெலீட் பட்டனையும் லூப் போட்டு லிசனர் மாட்டுனேன், பழைய வரி எல்லாம் அழியுது, புதுசா சேத்த வரி மட்டும் அழிய மாட்டேங்குது, ஏன்னா நான் லூப் ஓட்டுனப்ப அந்தப் பட்டனே கிடையாது. அவரு பொறுமையா, பட்டனுக்கு மாட்டாதீங்க, லிஸ்டுக்கு ஒண்ணே ஒண்ணு மாட்டுங்கன்னாரு. எந்தப் பட்டன அமுக்குனாலும் கிளிக் ஏறி லிஸ்டுக்கு வரத்தானே போகுது, அங்க நின்னு டார்கெட் யாருன்னு கேட்டா போச்சு. இதுக்குப் பேருதான் டெலிகேஷன். இதுலயும் ஒரு சின்ன கண்ணி இருக்கு, பட்டனுக்குள்ள குப்பைத்தொட்டி ஐகான் வெச்சிருந்தா டார்கெட்டா ஐகான்தான் வரும், பட்டன் வராது, அதனால க்ளோசஸ்ட் போட்டு பக்கத்துல இருக்கற பட்டன் வரைக்கும் மேல ஏறிப் பாக்கணும். லூப்ல எண்ணுற வேரியபிள வேர்னு போட்டு அறிவிச்சா எல்லாப் பட்டனும் கடைசி நம்பரையே காட்டுறதும் அதே இன்டர்வியூல கேட்டாங்க, லெட்னு மாத்துனா சரியாயிடும், அது 2015ல வந்த ஈஎஸ்6ல இருந்து இருக்கு.

சிலபஸ்ல சர்வர்ல ஓடுற ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஃபார்ம்ஸ் இருக்கறவங்களுக்கும் அந்த ரெண்டு கேள்விதான். அங்க பட்டன் அமுக்குனா பேஜ் சர்வருக்குப் போகும், முதல்ல பேஜ் லோட் ஓடும், அதுக்கப்புறம்தான் உங்க பட்டன் கிளிக் ஓடும். டெக்ஸ்ட்பாக்ஸ்ல என்ன அடிச்சாலும் பழைய வேல்யூவே வருதுன்னு புலம்புறவங்க பேஜ் லோட்ட பாருங்க, பேஜ் முதல் தடவ வருதா, பட்டன் அமுக்கித் திரும்பி வருதான்னு சொல்ற ஈஸ் போஸ்ட்பேக்க செக் பண்ணாம அங்கயே வேல்யூவ திரும்ப நிரப்பியிருப்பீங்க.

பழகுறதுக்கு பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பட்டன் வெச்சு ஒரு பேஜ் போட்டு, மேல சொன்ன தப்ப ஒவ்வொண்ணா நீங்களே வேணும்னே பண்ணிப் பாருங்க, எந்தத் தப்புக்கு எர்ரர் வருது, எதுக்கு வராம கழுத்தறுக்குதுன்னு கண்ணால பாத்தா மறக்காது. குரோம் டெவ்டூல்ஸ்ல எலிமெண்ட்ஸ் பக்கத்துல ஈவன்ட் லிசனர்ஸ்னு ஒரு டேப் இருக்கு, பட்டனைத் தேர்ந்தெடுத்தா அதுல யாரு மாட்டியிருக்கான்னு காட்டும். எக்ஸாம் அன்னைக்கு எக்ஸ்டர்னல கூப்பிடுறதுக்கு முன்னாடி எல்லாப் பட்டனையும் அமுக்கிடுங்க, சமத்துக்குறியையும் காலி டிஸ்ப்ளேல ஒரு தடவ.

போன மாசம் ஜூனியர் தம்பி ஒருத்தன் சந்தேகம்ணான்னு ரெக்கார்ட் நோட்ட போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கால்குலேட்டர் ப்ரோகிராம், அதே கிளியர், பக்கத்துல சிவப்பு மையில டிக், கையெழுத்து. சி பட்டனை அமுக்குனியாடா தம்பின்னு கேட்டேன். இல்லண்ணா, ஏன்ணான்னான்.